மூன்றாவது 'இல்லை'

அம்மாவின் முகத்துக்கு அடக்க விலை ஒன்றரை மூட்டை சிமெண்ட், விளிம்பு உடைந்த கைகழுவும் தொட்டி ஒன்று, கண்களுக்குக் கறுப்பு டைல்ஸில் இரண்டு துண்டு. கூலி சேர்க்கவில்லை, செய்தவள் மகள். வண்டிச் சத்தமும் இல்லை. சரக்கு முழுவதும் அப்பாவின் கடையில் கழித்துப் போட்டது. இவ்வளவு மலிவாக வேறு யாருக்கும் அம்மா கிடைத்திருக்க மாட்டாள். அந்த முகத்தையும் சேர்த்துத் தோட்டம் முழுவதையும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அந்த மகள் முடிவு செய்து சில மாதங்கள் ஆகிவிட்டன. முடிவை வெளியில் சொல்லவில்லை. விற்கத் துடிக்கிறவள் என்று தெரிந்தால் பாதி விலை அங்கேயே போய்விடும் என்பது எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவள் படித்த பாடம்.

எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் என்கிற கணக்கை அவள் திறக்கவே இல்லை. அப்பா டைல்ஸ், தொட்டி, குழாய், பைப்பு விற்றவர். அவர் போனபிறகு கடை தம்பிக்கு வந்தது. ஊர் ஓரத்தில் இருந்த கிடங்கும் அதைச் சுற்றியிருந்த காலி நிலமும் இருவர் பேரிலும் நின்றன. அந்த நிலத்தில் லாரியிலிருந்து இறக்கும்போது உடைந்தவை, நிறம் ஒவ்வாமல் திரும்பி வந்தவை, மழையில் இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள் எல்லாம் குவிந்து கிடந்தன. ஒருநாள் சாயங்காலம் உடைந்த தொட்டி ஒன்றில் அவள் ஒரு செடி நட்டாள். அதோடு விட்டிருக்கலாம். செடிக்குத் துணையாக அந்த உடைசல்களில் ஒரு தவளை செய்தாள், தவளைக்குத் துணையாக ஒரு மனிதன். இருபத்தைந்து வருஷத்தில் அது பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளக்கும் தோட்டமாகிவிட்டது. பூமியில் இறங்கிய சொர்க்கம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. சொர்க்கத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதவில்லை.

டீச்சர்தான் ஊற்றினாள். ரப்பர் குழாய் பாதித் தோட்டம் வரைக்கும்தான் எட்டும். மேற்குப் பாதிக்கு வாளி. அங்கேதான் பெரிய இலைச் செடிகளும் பெரணிகளும் இருந்தன, எல்லாம் குடிகாரர்கள் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் பற்றாது. தண்ணீர் ஊற்றி முடித்தால் நத்தை பொறுக்க வேண்டும். நத்தை முடிந்தால் சிலைகளின் கழுத்திலும் அக்குளிலும் பிடித்த பாசியைத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் காட்டி, "இது என்னங்க?" என்பார்கள். முன்பெல்லாம் பதில் சொல்வாள். இப்போது, "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான்" என்கிறாள். அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் அது மூட்டுவலி.

அவளுக்கு வேண்டியது ஓர் அறை. அவளோடு வேலை பார்த்த பாட்டு டீச்சர் இப்போது ஊருக்குள் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். இரண்டாவது அறை காலி. சேர்ந்து இருக்கலாம் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன வாரம் போய்ப் பார்த்த டீச்சர், லிப்டில் இரண்டு முறை சும்மா ஏறி இறங்கினாள். குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. அந்தத் தண்ணீருக்கு எங்கேயும் போகவேண்டிய கடமை இல்லை என்பதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், மாத வாடகையில் பாதி தர வேண்டும். ஓய்வூதியத்தில் அது ஆகாது. நிலம் விற்றால் ஆகும். நிலம் விற்கத் தம்பியின் கையெழுத்து வேண்டும்.

அன்று காலையில் பாட்டு டீச்சர் போன் செய்தாள்.

"என்னடி, முடிவு பண்ணிட்டியா? ஒரு பேங்க் அம்மா ரூமைக் கேட்டு நச்சரிக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

"சொல்றேன். தம்பி இன்னைக்கு வரான்."

"வந்தா நேரா விஷயத்தைச் சொல்லிடு. உங்க வீட்டு ஆளுங்க மாதிரி சுத்தி வளைக்காதே. நான் ஒரு தொட்டிச் செடி வாங்கி வெச்சிருந்தேன், நீ வரேன்னு அதைக்கூட பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

நேராகச் சொல்வதா. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது கைவராத வித்தை. தம்பி முந்தாநாள் போனில், "சும்மா உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வரேன்க்கா" என்றிருந்தான். அவர்கள் யாரும் எங்கும் சும்மா போனதில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குளியலறையில் என்ன டைல்ஸ் என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதிலும் தம்பி இந்த இருபத்தைந்து வருஷத்தில் தோட்டத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. உடைசல்களை லாரியில் அனுப்பி வைப்பான், அதோடு சரி. இப்போது வருகிறான் என்றால் அவனும் விற்கத்தான் வருகிறான் என்று டீச்சர் கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். அதில்தான் ஆபத்தே.

ஏனென்றால் அப்பா இரண்டு பிள்ளைகளையும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து வளர்த்தவர். விலையை முதலில் வாயால் சொன்னவன் தோற்றவன். பொருளைப் பிடித்திருந்தால் குறை சொல். விற்க வேண்டுமானால் விற்க மாட்டேன் என்று சொல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் 'இல்லை' வியாபாரத்துக்கு. இரண்டாவது 'இல்லை' மரியாதைக்கு. மூன்றாவது 'இல்லை' மட்டும்தான் நிஜம். அதற்குமேல் கேட்கிறவன் பிச்சைக்காரன், கேட்க வைக்கிறவன் அயோக்கியன். மூன்றாவது 'இல்லை' விழுந்ததும் அப்பா எந்தப் பேரத்திலிருந்தும் எழுந்துவிடுவார், பிறகு அந்தப் பேச்சை அந்த ஜன்மத்தில் எடுக்க மாட்டார்.

தம்பி வாடகைக் காரில் வந்து இறங்கினான். அறுபதைத் தாண்டியவன். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, அதற்குள்ளிருந்த ஆள்தான் கலைந்திருந்தான். அக்குளில் ஜிப் வைத்த ஒரு தோல்பை. பழைய குழாய்களை வளைத்துச் செய்த கேட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"துரு பிடிச்சிருக்கே."

"நீ அனுப்புன குழாய்தானே."

"நான் அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்தா நீ ஏன்டா அனுப்பப் போறே."

சிரித்துக்கொண்டார்கள். குசலம் முடிந்தது. டீச்சர் முன்னால் நடந்தாள், தம்பி பின்னால். உள்ளே நுழைந்ததும் வெயில் காணாமல் போனது. தலைக்குமேல் கொடிகள் பந்தல் மாதிரி பின்னிக்கொண்டிருந்தன. ஈர மண் வாசனை, அழுகின இலை வாசனை, எங்கோ ஒரு பூவின் கெட்டியான வாசனை. கழிவுநீர்ப் பைப்புகளில் செய்த மனிதர்கள் பாதை ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். தலைமுடிக்குப் பதில் ஒவ்வொருவர் தலையிலும் பெரணி வளர்ந்து முகத்தில் விழுந்தது.

"எதுக்கு நிக்கறாங்க?"

"கவுண்டர் திறக்கறதுக்கு."

"எப்போ திறக்கும்?"

"இந்த ஜென்மத்துல இல்லை. அவங்களுக்கு அது தெரியாது, சொல்லிடாதே."

தம்பி வரிசையில் கடைசி ஆளின் தோளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். தொட்டியோ டைல்ஸோ எது வந்தாலும் தட்டிப் பார்ப்பது அவன் பழக்கம். "விரிசல் இருக்கு" என்றான். டீச்சருக்கு உள்ளே குளிர்ந்தது. குறை சொல்கிறான், அப்படியானால் வேண்டும் என்கிறான். ஆனால் வாய் அது பாட்டுக்கு, "விரிசல் இல்லைடா, வடிவம். வெளிநாட்டுல இருந்து வந்த ஒருத்தர் அதையே ஒரு மணி நேரம் பாத்துட்டு நின்னாரு" என்றது. வந்தவர் நின்றது வாஸ்தவம். அவர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண் படுத்திருந்தாள். லாரி நீளம். நீலமும் பச்சையுமாக உடைந்த டைல்ஸில் சேலை. இடுப்பின் வளைவில் பெரிய இலைச் செடிகள் அடர்ந்து, காற்றடித்தால் அவள் மூச்சு விடுவது போலிருக்கும். கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்வது இங்கேதான்.

"இது என்னக்கா, இவ்வளவு பெரிசா படுத்திருக்கு?"

"தூங்கறா. இந்த இடத்துல தூங்கற ஒரே பொம்பளை அவதான்."

"கொசு கடிக்கலையா அவளுக்கு? எனக்குக் கால்ல பாதி ரத்தம் போயிடுச்சு."

"புதுசா வரவங்களைத்தான் கடிக்கும். பழகிட்டா விட்டுடும்."

"கடன்காரனைவிட நல்ல கொசுதான்." தம்பி கால் மாற்றி நின்றான். பையை அடுத்த அக்குளுக்கு மாற்றினான். பிறகு தூங்குகிறவளின் பாதத்தைப் பார்த்தபடியே, "பக்கத்துல லாரி ஷெட் வருதாமே" என்றான்.

"வரட்டும்."

"அவங்களுக்கு இடம் பத்தலையாம்."

"பாவம்."

"ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். இந்த இடத்தைக் கேட்டா குடுப்பியா?"

டீச்சரின் மூட்டுகள் இரண்டும் ஒரே குரலில் 'குடுப்பேன்' என்றன. லிப்டின் கதவு அவளுக்கு முன்னால் திறந்து நின்றது. அவளுடைய வாய் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"குடுக்கறதா? இல்லை. என்ன பேச்சு பேசறே. இங்க இருந்து நான் போகணும்னா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

தம்பி தலையாட்டினான். டீச்சரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டாள். முதல் 'இல்லை', வியாபாரத்துக்கு. கடை திறந்தாயிற்று.

கிடங்கின் நிழலில் ஒரு பழைய குளியல் தொட்டியைப் பாதியாக அறுத்துச் செய்த பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். பை இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே காகிதம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் பிஸ்கட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் போன் அடித்தது. அவன் மனைவிக்குப் போன் தேவையில்லை, அந்தக் குரல் நேராகவே வரும்.

"கையெழுத்து வாங்கியாச்சா?"

"பாத்துட்டு இருக்கேன்."

"எதைப் பாக்கறீங்க? பொம்மையையா? அந்த ஆளு நாளைக்குக் காலையில வராரு. உங்க அக்காகிட்ட கொஞ்சம் கூடக் குறைய பேசி முடிங்க."

தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். கேட்டிருக்காது என்பது போல அவன் டீயைக் குடித்தான், கேட்கவில்லை என்பது போல அவள் பிஸ்கட்டை ஒடித்தாள்.

"சரி, சுத்தி வளைக்கலை" என்றான். சுற்றி வளைத்து முடித்தபிறகு சொல்கிற வார்த்தை அது. "நல்ல ஆளு. மொத்தமாக் குடுக்கறான். சரிபாதி வேண்டாம்க்கா, உனக்குப் பெரிய பாதி. உழைச்சது நீ."

பெரிய பாதி. டீச்சர் எதிர்பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் தொங்கி, பேரம் பேசுகிற ஆளாகவே இல்லை, பேரம் முடிந்து தோற்ற ஆளாக இருந்தான். இப்போதே 'சரி' என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்கே ஒப்புக்கொண்டால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். கூடுதலாகக் கொடுத்துவிட்டோமோ என்று ராத்திரி தூக்கம் வராது. காலையில் பேச்சு மாறுவான். அப்பா அதற்காகத்தான் இரண்டாவது 'இல்லை'யை வைத்தார். அது விற்கிறவனுக்காக அல்ல, வாங்குகிறவன் நிம்மதியாகத் தூங்குவதற்காக.

"இல்லைடா" என்றாள், ரொம்ப மெதுவாக, கதவைச் சாத்துகிற மாதிரி இல்லாமல் ஒருக்களித்து வைக்கிற மாதிரி. "பணத்துக்கா பாக்கறேன்?"

தம்பி பெருமூச்சு விட்டான். டீச்சர் அவன் குவளையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். மூன்றாவது கேள்விக்கான 'சரி' தயாராக இருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அவன் கேட்கவில்லை. எழுந்து, கையில் குவளையோடு மேற்குப் பக்கம் நடந்தான். டீச்சரும் பின்னால் போனாள். பெரிய இலைகளை விலக்கிக்கொண்டு போன தம்பி சட்டென்று நின்றான்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு படிக்கட்டின் கீழ்ப்படியில், முழங்காலில் முழங்கை ஊன்றி, கையில் தாடையை வைத்துக்கொண்டு. கடை சாத்தி அப்பா வருகிறவரைக்கும் தினமும் அம்மா உட்கார்ந்திருக்கிற இருப்பு அது. தோள் வழியாகத் தடித்த கொடி ஒன்று இறங்கி மடியில் இலை விரித்திருந்தது. மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து கன்னம் கறுத்திருந்தது.

தம்பி வெகுநேரம் பார்த்தான். பிறகு தொழில் தலைதூக்கியது.

"மூக்கு கொஞ்சம் பெரிசாயிடுச்சுக்கா."

"அம்மா மூக்கு எனக்கு ஞாபகம் வரலைடா. உன் மூக்கைப் பாத்துத்தான் வெச்சேன்."

தம்பியின் கை தன்னிச்சையாக மூக்குக்குப் போனது. அங்கேயே நின்றது. குவளையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தட்டப் போனவன், விரலை மடக்காமல் உள்ளங்கையை வைத்தான்.

"அக்கா."

"சொல்லு."

"அம்மாவை மட்டும் தனியா எடுத்துக் குடுப்பியா? எங்க வீட்டு வாசல்ல வெச்சுக்கறேன்."

டீச்சர் கல்லாவிலிருந்து இறங்கி வந்தது அந்த ஒரு நிமிஷம்தான். சிலை செய்தவளாகக் குனிந்து, கொடி உள்ளே நுழைந்த இடத்தைப் பார்த்தாள். கொடி தோளில் புகுந்து முதுகெல்லாம் ஓடி, இப்போது சிமெண்ட் கொடியைத் தாங்குகிறதா கொடி சிமெண்டைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. "இல்லைடா" என்றாள், உள்ளதை உள்ளபடி. "முடியாது. பேத்தா பொடிப்பொடியாப் போயிடும்."

தம்பி தலையாட்டினான். ஒருமுறைதான், அழுத்தமாக. பெஞ்சுக்குத் திரும்பி வந்தான். பாதி திறந்திருந்த பையின் ஜிப்பைக் கடைசிவரைக்கும் இழுத்து மூடினான்.

அந்தச் சத்தத்தில்தான் டீச்சருக்கு உறைத்தது. மூன்றாவது 'இல்லை'.

"டேய், நான் சொன்னது அம்மாவைத்தான்டா" என்றாள்.

"நானும் அம்மாவைத்தான்க்கா கேட்டேன்."

"இடம் வேற..."

"வேண்டாம். மூணு தடவை கேட்டாச்சு. அப்பாவே வந்து கேட்டாலும் இதுக்கு மேல கேக்க மாட்டாரு. நாளைக்கு அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன். ரெண்டு பேர் பேர்லயும் அப்படியே கிடக்கட்டும்." பெஞ்சில் சாய்ந்துகொண்டான். உடம்பிலிருந்து ஏதோ ஆணியைப் பிடுங்கினது போல் தோள் இரண்டும் இறங்கின. "அப்பாடா."

அந்த வீட்டில் உண்மை பேசுவதற்கு ஒரு நேரம் உண்டு, பேரம் முடிந்தபிறகு. இனி யாருக்கும் லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்று ஆனதும்தான் நிஜமான சமாச்சாரங்கள் வெளியில் வரும். தம்பிக்கும் வந்தது.

"கடையை மூடிட்டேன்க்கா."

"என்னடா சொல்றே?"

"போன மழைக்கு முன்னாடியே. இப்பல்லாம் போன்லயே வாங்கறாங்க, வீட்டுல வந்து இறங்குது. யாரு வந்து தொட்டியைத் தட்டிப் பாக்கறா? சரக்கை வித்துக் கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுத்துட்டேன். கடன் இல்லை. வீட்டுக்காரிக்கும் தெரியும்."

"அப்புறம் தினம் காலையில கிளம்பிப் போறியே, எங்க போறே? போன் பண்ணா கடையிலன்னு சொல்றே."

"கடையிலதான். குத்தகை முடிய இன்னும் நாள் இருக்கு. ஷட்டரை உள்ள பக்கமா இறக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல இருந்தா அவ பாக்கற பார்வை தாங்கலை. விளக்குப் போட மாட்டேன், பழைய ஆளுங்க பாத்தா உள்ள வந்து விலை கேப்பாங்க. விக்கறதுக்கு என்ன இருக்கு, நான்தான் இருக்கேன்." சிரித்தான். "நாற்காலியும் நானும். சாயங்காலம் ஆனா பூட்டிட்டுப் போவேன்."

இருட்டுக் கடையில் மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருக்கும் தம்பியை டீச்சரால் சுலபமாகப் பார்க்க முடிந்தது. சிமெண்டில் செய்தாலும் அதைவிட அசையாமல் செய்ய முடியாது.

"இங்க வந்ததுல இருந்து மணி பாக்கவே இல்லைக்கா" என்றான். "இப்பத்தான் கவனிக்கறேன்."

சொல்லிவிட்டுக் காலை நீட்டினான். கொசுவைத் தட்டப்போன கை பாதியிலேயே மடியில் விழுந்தது. தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்த இடத்தில் தூங்குகிற இரண்டாவது ஆள்.

டீச்சருக்கு வேலை கிடந்தது. குழாயைத் திறந்து கிழக்குப் பக்கத்துக்கு நீட்டினாள். தண்ணீர் பாய்கிற நேரத்தில் யோசித்தாள். அவனை எழுப்பி, 'எனக்கு விக்கணும்டா, எனக்கு முடியலை' என்று சொல்லலாம். கௌரவம் போகும், போகட்டும். மூன்றாவது 'இல்லை'யை மாற்றினவள் என்று ஆகும், ஆகட்டும், அப்பா வந்து கேட்கப் போவதில்லை. காலையில் அந்த ஆள் வருவான், கையெழுத்துப் போடலாம், சாயங்காலம் லிப்டில் ஏறலாம். எல்லாம் முடியும். அதன்பிறகு தம்பி பணத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குத்தகை முடிகிறவரைக்கும் ஷட்டருக்குப் பின்னால் போய் உட்காருவான். குத்தகை முடிந்தபிறகு எங்கே உட்காருவான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது.

சனியன், நன்றாகத் தூங்கினான். குறட்டை வேறு.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று கொஞ்சநேரம் முழித்தான். அக்கா வாளியோடு மேற்கே போவதும், வழியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வதும், மறுபடி நடப்பதும் கண்ணில் பட்டது.

"ஏன்க்கா, குழாய் எட்டாதா அங்க?"

"எட்டாது."

"தினமும் இப்படியா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பேரம்தான் முடிந்துவிட்டதே. "முடியலைடா" என்றாள். "நிஜமாவே முடியலை. ராத்திரி படுத்தா கால் ரெண்டும் என்னோடது மாதிரியே இல்லை."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொன்னாள். அந்த அறையைப் பற்றி மூச்சு விடவில்லை.

தம்பி சட்டைக் கையை மடித்தான். அந்தச் சட்டை அன்று முதல்முறையாகக் கசங்கியது. வாளியை வாங்கிக்கொண்டான். "நான்தான் சும்மா இருக்கேனே. காலையில கிளம்பி அங்க போறதுக்குப் பதிலா இங்க வரேன். அவகிட்ட மூடின கடைக்கே போறேன்னு சொல்லிக்கலாம்."

"தினமுமா?"

"தினமும்தான். சம்பளம் பேசலாமா?"

"டீயும் பிஸ்கட்டும்."

"பிஸ்கட் நமுத்துப் போயிருக்கு. அதுக்குக் கழிச்சுக்கோ" என்றபடி போய், வாளித் தண்ணீர் முழுவதையும் ஒரு பெரணியின் தலைக்குமேல் அபிஷேகம் மாதிரி கொட்டினான். பாதி இலையில் வழிந்து வெளியே போனது, மீதி தூங்குகிறவளின் காலை நனைத்தது. வேரில் ஒரு சொட்டுப் போகவில்லை.

"வேருக்குடா, வேருக்கு" என்றாள் டீச்சர் அலுப்போடு. "இலை குடிக்காது."

அப்போதுதான் போன் அடித்தது. பாட்டு டீச்சர். தம்பி அடுத்த வாளிக்குப் போயிருந்தான்.

"என்னடி ஆச்சு? சொன்னியா? பேங்க் அம்மா கீழேயே நிக்கறாங்க."

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். வாளி நிறைகிற வரைக்கும் காத்திருந்த அவன், பக்கத்திலிருந்த பைப்பு மனிதன் ஒருவனின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, தனக்குள் ஏதோ விலை போட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்களுக்கே குடுத்துடு" என்றாள்.

"என்னது? அவன் ஒத்துக்கலையா?"

"அவன் கேட்டான். நான்தான் இல்லைன்னுட்டேன்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு இன்னொன்று என்று விட்டுவிட்டாள். "பக்கத்து வீட்டுல குடுத்த தொட்டிச் செடியைத் திருப்பி வாங்கிக்கோ. வேருக்குத் தண்ணி ஊத்து" என்று சொல்லிப் போனை வைத்தாள். இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு தம்பிக்குப் பின்னால் நடந்தாள்.

அன்றைய கணக்கு இப்படி நின்றது. வரவு: தம்பி ஒன்று, உபயோகித்தது, முட்டி தேய்ந்தது, தண்ணீர் ஊற்றத் தெரியாதது, நாளைக்கு வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லாதது. செலவு: மூன்றாவது மாடியில் ஓர் அறை, லிப்டோடு. பாக்கி: மேற்குப் பக்கம் முழுவதும், இருட்டுவதற்குள்.